பீரோவுக்குள் அப்பா

பண்பாடும் போர் வரலாறும் படிக்க வியட்நாமிலிருந்து வந்த லியென், புதுச்சேரியில் நிர்மலா வீட்டில் தங்கியிருந்தாள். பிரெஞ்சுப் படையோடு போய் அவள் நாட்டில் சண்டை போட்ட தன் அப்பாவின் படத்தை, அவள் வருமுன்பே கழற்றிப் பீரோவில் ஒளித்துவிட்டாள் நிர்மலா.

அன்று கடற்கரைப் போர் நினைவிடம் போய்த் திரும்பிய லியென், "ஆன்ட்டி, எங்க ஊருக்குச் சண்டைக்கு வந்தவங்க யாரையாவது தெரியுமா?" என்றாள்.

"எனக்கு யாரைம்மா தெரியும்? நாள் பூரா கல்லுல பேரு படிச்சியே, பசிக்கல? சாப்டு."

தட்டில் கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த வியட்நாம் பலகாரம், நெம். புதினாவோடு கடித்தவள் நிமிர்ந்தாள்.

"எங்கம்மா கைப்பக்குவம்! யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

நிர்மலா எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்தாள்.

"இவருதாம்மா. எங்கப்பா," என்று படத்தை நீட்டினாள், அவள் முகத்தைப் பார்க்காமல்.