எறும்பு தீண்டாத கோப்பை

அலுவலகத்தில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே மேலாளர் தம் கைப்பட எழுதிய அறிவிப்பு தொங்கியது: ‘அவரவர் கோப்பையை அவரவரே கழுவுக. சுயசார்பே நேர்மையின் முதல் படி.’ அதற்குச் சட்டம் போட்டது, ஆணி அடித்தது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டது எல்லாம் வேறு மூன்று பேர்.

அறிவிப்புக்கு முன்மாதிரி மேலாளரின் வெள்ளைக் கோப்பைதான். எந்நேரமும் அலமாரியில் பளபளவென்று வீற்றிருக்கும். தொட்டியில் தினமும் அழுக்காகக் கிடந்ததோ வரவேற்பறைப் பெண்ணின் நீலக் கோப்பை. அவளுடைய ஆறு மாதத் தகுதிகாண் காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வேலை நிலைப்பது மேலாளர் எழுதப்போகும் நடத்தைக் குறிப்பைப் பொறுத்தது.

“கழுவித்தான் வச்சேன் சார், சத்தியமா.”

“சத்தியமெல்லாம் எதுக்கும்மா? நான் செயலைத்தான் பார்ப்பேன்” என்றார் மேலாளர்.

“கவலைப்படாத தங்கச்சி, அண்ணன் பேசுறேன்” என்று சிரித்த காசாளர், மேலாளர் அறைக்குள் போய் அவருடைய புதுச் சட்டையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். கிடங்குக்காரர், எல்லோரும் ‘கடுகடு’ என்று அழைக்கும் ஆள், எரிந்து விழுந்தார்: “அழுதா ஆச்சா? போய் அந்தக் கோப்பையப் பாரு!”

பார்த்தாள். ஒரு சொட்டுத் தேநீர் சிந்தினாலே ஊர்வலம் கிளம்பும் எறும்புகள், அந்தக் கோப்பையை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

“நான் மூணு கரண்டி சர்க்கரை போடுறவ. அப்ப இதுல குடிச்சது யாரு?”

அந்த அலுவலகத்தில் சர்க்கரையை விட்டவர் ஒருவர்தான். விட்டதைப் பற்றி வாரம் ஒரு சொற்பொழிவும் உண்டு.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் நீலக் கோப்பையைச் சாட்சிப் பொருள்போல் உயர்த்திப் பிடித்தார்.

“சார், அதுல ஏன் எறும்பு ஏறல?” என்றாள் அவள்.

காசாளர் குனிந்து ஷூ நாடாவைக் கட்டத் தொடங்கினார். அவர் போட்டிருந்தது செருப்பு.

“நேத்து பூரா கிடங்கு ஜன்னல்லேர்ந்து பாத்துட்டிருந்தேன்” என்றார் கடுகடு. “அந்தப் பொண்ணு கழுவி வச்சா. எடுத்துக் குடிச்சிட்டு அப்படியே போட்டது நீங்க.”

“என் கோப்பைய எடுத்தா…” மேலாளர் யோசிக்காமல் சொல்லிவிட்டார், “கழுவணுமே!”

சிரிப்பு அடங்கியதும், குறிப்பில் எழுதியிருந்த ‘நேர்மை போதாது’ என்பதை அடித்துவிட்டு, ‘பணியை நிரந்தரமாக்கலாம்’ என்று எழுதினார். பிறகு கோப்பையோடு தொட்டிக்கு நடந்தார். அலுவலகமே பின்னால் போய் எட்டிப் பார்த்தது.

குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“குடுங்க சார், நான்…” என்று பாய்ந்தார் காசாளர். கடுகடு அவர் தோளை அழுத்தி நிறுத்தினார்.

“இடது பக்கமாத் திருகணும் சார்” என்றாள் அவள்.