இருமும் பூட்டு

அப்பாவைப் புதைத்த மூன்றாம் நாள் அவருடைய பழைய காரில் ஸ்டியரிங்குக்குக் கீழிருந்த சாவித்துளை இரும ஆரம்பித்தது. சளி இருமல் இல்லை. முப்பத்தைந்து வருஷமாக வீட்டில் யார் எதைக் கேட்டாலும் பதிலுக்கு அவர் இருமுவாரே, அந்த வறட்டு இருமல். அதற்கு ‘முடியாது’ என்று அர்த்தம் என்பது வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். தன் தங்கையை ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம் என்று அம்மா பதினோரு வருஷமாகக் கேட்டதற்குக் கிடைத்ததும் அதுதான். தங்கை இருப்பது பஸ் போகாத இடம். கார் போகும், அவர் போகமாட்டார்.

சாவி அவரோடு குழிக்குள் போயிருந்தது. மறதியால் அல்ல. பிள்ளைகள் இருவரில் பெரியவன் கைக்குச் சாவி போனால் காரும் போய்விடும் என்று சின்னவன் பயந்தான். சின்னவனை நினைத்துப் பெரியவனும் அப்படியே பயந்தான். கடைசியில் இருவரும் சேர்ந்து, அப்பாவுக்கு மரியாதை என்று சொல்லி, அவர் சட்டைப்பையிலேயே சாவியைப் போட்டுப் பொத்தானையும் மாட்டினார்கள். அண்ணன் தம்பி ஒற்றுமையைப் பார்த்து வந்தவர்கள் கண் கலங்கினார்கள். மண் காய்வதற்குள் இருவருக்கும் கார் தேவைப்பட்டது.

மெக்கானிக் வந்து பார்த்தார். “சாவி இருந்தா அரைத் திருப்பு திருப்பி, பக்கத்து ஓட்டைல கம்பிய விட்டு அமுக்கினா போதும், பழைய பூட்டு கையோட வந்துடும். அதத்தான் அவர்கூட வழியனுப்பி வச்சுட்டீங்களே,” என்றார். வேறு வழியில்லாமல் பூட்டைத் துளைபோட்டு எடுக்க இறங்கினார். அன்று சாயங்காலத்துக்குள் ஆறு துளைமுனைகள் உடைந்தன. ஒவ்வொன்றுக்கும் பூட்டு ஒருமுறை இருமியது. ஏழாவது முனை கொஞ்சம் உள்ளே போனது. காலையில் வந்து பார்த்தால், புண் ஆறிப் பொருக்குத் தட்டுகிற மாதிரி பித்தளை வளர்ந்து துளை மூடியிருந்தது. மெக்கானிக் அலட்டிக்கொள்ளவில்லை. பழைய வண்டிகளில் இதைவிடப் பிடிவாதங்களைப் பார்த்தவர். இதற்கு நடுவே பிள்ளைகள் தனித்தனியாக அவரைக் கார் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய், புதுப் பூட்டுக்கு ஒரே சாவிதான் இருக்க வேண்டும், அது தன் கைக்குத்தான் வர வேண்டும் என்றார்கள். இருவரிடமும் சரி என்றார். அதுவும் அந்தத் தொழிலில் ஒரு வேலைதான்.

நான்காம் நாள் பிள்ளைகள் கெஞ்சிப் பார்த்தார்கள். பெரியவன் ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத் திறந்து கைகட்டி நின்றான். சின்னவன் சீட்டைத் துடைத்துவிட்டு “அப்பா” என்றான். மனுஷன் உயிரோடு இருந்தபோது இந்தப் பணிவில் கால்வாசி காட்டியிருந்தால் இன்னும் இரண்டு வருஷம் இருந்திருப்பார். பூட்டு பெரியவனைப் பார்த்து ஒருமுறையும் சின்னவனைப் பார்த்து இருமுறையும் இருமியது.

ஐந்தாம் நாள் அம்மா வெளியே கிளம்புகிற உடுப்பில், கையில் பையோடு வந்தாள். அத்தனை வருஷமும் அவள் இடம் பின்சீட்டு மூலைதான். அங்கே சீட்டு அவள் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. இப்போது முன்னால் ஏறி, ஸ்டியரிங்குக்கு நேராக உட்கார்ந்து, சாவித்துளையிடம் குனிந்தாள்.

“ஏங்க, சாவி உங்க பையிலதான இருக்கு? இருமினது போதும். அங்கேருந்தே ஒரு திருப்பு திருப்பி விடுங்க. என் தங்கச்சிக்கும் வயசாகுது.”

அவரிடம் அவள் அனுமதி கேட்காமல், செய்யச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு பொத்தானைக் கழற்றிப் பைக்குள் கைவிடுகிற நேரம் கழிந்தது. பூட்டு தானாக அரைத் திருப்பு திரும்பி நின்றது. பக்கத்தில் நின்றிருந்த மெக்கானிக் ஓட்டையில் கம்பியை விட்டு அமுக்கினார். பூட்டு கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது, சூடாக.

ஒரு மணி நேரத்தில் புதுப் பூட்டு ஏறியது. இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்திருந்த மெக்கானிக், சாவியை மூன்றாவது கையில் வைத்தார். பிள்ளைகள் இருவரும் கையை நீட்டினார்கள். அம்மா இருமினாள், வறட்டு இருமல். நீட்டிய கைகள் தாமாகவே மடங்கின.

மூன்று வாரத்தில் அவள் ஓட்டப் பழகிவிட்டாள். இப்போது மாதம் ஒருமுறை தங்கையிடம் போய்வருகிறாள். பிள்ளைகள் வந்தால் பின்சீட்டில் உட்காருகிறார்கள். பள்ளம் விழுந்த மூலை யாருக்கு என்று அங்கேயும் சண்டை. பழைய பூட்டு டேஷ்போர்டின் மேல், ஒரு துணியில் கிடக்கிறது. தங்கை வீட்டுக்குத் திரும்புகிற வளைவில் மட்டும் இருமும். அம்மா, காற்று ஒத்துக்கொள்ளவில்லை போல என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு, வளைவில் வண்டியைத் திருப்புகிறாள்.