கக்கூஸ் லயத்து உபயம்

பகாவ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தை விற்றபோது, வேலை செய்தவர்களுக்கு நான்கு வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். குடியிருப்புப் பலகையில் தாமான் செம்பாக்கா என்றும், தெருப் பலகைகளில் ஜாலான் செம்பாக்கா 1 முதல் 4 வரை என்றும் எழுதியிருக்கும். அந்தப் பெயர்கள் தபால்காரருக்கு மட்டும்தான். ஊருக்குள், தோட்டத்துக் கணக்குப்பிள்ளைகள் இருக்கும் முன்வரிசை கிராணி வரிசை, கங்காணிகள் இருக்கும் அடுத்தது மண்டோர் வரிசை, கோயிலை ஒட்டியது கோயில் வரிசை. கடைசியில் இருப்பது கக்கூஸ் லயம். பழைய தோட்டத்தில் பொதுக் கக்கூசுக்குப் பக்கத்து லயத்தில் இருந்தவர்களை அங்கேதான் குடிவைத்தார்கள். கக்கூசை இடித்து எத்தனையோ வருஷமாகியும் பெயர் மட்டும் சட்டிபானைகளோடு லாரி ஏறி வந்துவிட்டது.

பஞ்சாலை கெமாசிலிருந்து அந்த வரிசைக்கு வாழ்க்கைப்பட்டவள். வந்த புதிதில் பாசாரில் மீன்காரர், "கக்கூஸ் லயத்து மருமகளா?" என்று கேட்டபோது உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு வெளியில் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பழகினாள்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் அந்தப் பழக்கமும் போனது. தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கியவள், சிரம்பானில் படிக்கும் மகள் மோகனா தோழியின் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்தாள். இறங்கிய இடம் கிராணி வரிசை. யாருடைய வீட்டு கேட்டிலோ கைவைத்து நின்று, கார் திரும்பும்வரை டாட்டா காட்டினாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு கடைசி வரிசைக்கு நடந்தாள்.

வீட்டில் கேட்டதற்கு மோகனா வெடித்தாள். "அந்தப் பிள்ளையோட சித்தி கோயில் வரிசையில இருக்காங்கம்மா. இந்த வரிசைய என்னன்னு கூப்பிடுவாங்கன்னு அவளுக்குத் தெரியும். இங்க இறங்கினா காலேஜ் முழுக்கத் தெரிஞ்சிரும். உங்களுக்கு என்ன தெரியும்?"

பஞ்சாலையின் கணவன் சுகுமாறன் சோற்றிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தான். "நான் பொறந்ததுல இருந்து அதுதான்லா பேரு. காதுல வாங்காம போ."

"உங்க காது செத்துப்போச்சு," என்றாள் பஞ்சாலை. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திருவிழாவின் மூன்றாம் நாள் கடைசி வரிசையின் உபயம். விளக்கு, பூ, அன்னதானம் எல்லாம் அவர்களுடையது. பெண்கள் விடியற்காலையிலேயே எழுந்து சமைத்திருந்தார்கள். பஞ்சாலை சீர்த்தட்டோடு முன்னால் நடந்து கோயில் வாசலுக்கு வந்தபோது, கோயில் நிர்வாகத் தலைவர் திருநாவுக்கரசு மைக்கைப் பிடித்தார். லாரி வைத்து ஓட்டுபவர், கிராணி வரிசைக்காரர்.

"இன்றைய உபயம் நம்ம கக்கூஸ் லயத்து அன்பர்கள்!"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். யாரோ ஒருவன் மூக்கைப் பொத்திக் காட்டினான்.

பஞ்சாலை தட்டைச் சன்னதிப் படியில் வைத்தாள். நேராகப் போய் மைக்கை வாங்கினாள். பிடுங்கினாள் என்றுதான் பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

"அந்தக் கக்கூசுக்கு யாருங்கையா போனது? உங்க அப்பா போனாரு, உங்க அம்மா போனாங்க, தோட்டமே அங்கதான் போச்சு. வாளி தூக்கினது என் மாமியாரு. போனவங்களுக்குக் கிராணி பேரு, கழுவினவங்களுக்குக் கக்கூஸ் பேரா?"

மைக்கை அணைத்துவிட்டார்கள். அவள் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. "எங்க வரிசை பேரு ஜாலான் செம்பாக்கா நாலு. அதைச் சொல்ல வாய் வராதவங்களுக்கு எங்க சோறு மட்டும் எப்படி இறங்கும்? தூக்குங்கடி அண்டாவ!"

 பக்கத்து வீட்டு மயிலம்மாள் அண்டாவின் ஒரு காதைப் பிடித்தாள். மறுகாதைப் பிடிக்க சுகுமாறன் வந்தான். அவன் முகத்தில் சிரிப்பில்லை. அன்றைக்கு அன்னதானம் கடைசி வரிசைத் தெருவில்தான் நடந்தது. கோயில் வரிசையிலிருந்து நாலைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை.

மறுநாளே நிர்வாகத்திலிருந்து ஆள் வந்தது. மன்னிப்புக் கேட்டால்தான் அடுத்த வருஷம் உபயம் கிடைக்குமாம். கடைசி வரிசையிலேயே சிலர் பஞ்சாலையைத் திட்டினார்கள். "சாமி காரியத்துல கைய வச்சிட்டியே, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருலா."

"அவ கேக்க மாட்டா. நானும் கேக்க மாட்டேன்," என்றான் சுகுமாறன். "உபயம் இல்லைன்னா போகட்டும். தெருவுல பொங்கிப் போடுவோம்."

இரண்டு தடவை ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்க யாரும் போகவில்லை. பூ, விளக்குச் செலவை ஏற்க வேறு வரிசை முன்வராததால், மறு வருஷ நோட்டீசில் 'ஜாலான் செம்பாக்கா 4' என்று அச்சாகி வந்தது. திருநாவுக்கரசு அதை மைக்கில் கல்லை மெல்லுகிற மாதிரி வாசித்தார். பக்கத்திலிருந்த பெண்கள் பஞ்சாலையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. மூன்றே சொல்லுக்கு இத்தனை பாடா என்றுதான் நெஞ்சு கொதித்தது. அவர் வாசித்து முடிக்கும்வரை அவர் முகத்தைவிட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை.