டிரயல் ரூமில் கணக்கு டீச்சர்

"வகுப்பில் வாயே திறப்பதில்லை" என்று மகளின் மதிப்பெண் அட்டையில் கணக்கு டீச்சர் எழுதியிருந்ததைப் படித்ததும், தையல்காரம்மா நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"டீச்சர், அட்டை மாறிப்போச்சு. என் பொண்ணு தூக்கத்துலகூடப் பேசுவா."

"மூணு மாசமா 'உள்ளேன்'கூடச் சொல்லலைங்க. கையை மட்டும் தூக்குவா."

"சனிக்கிழமை கடைக்கு வாங்க, உங்க காதாலயே கேளுங்க. ஆனா உங்களைப் பாத்தா அடங்கிடுவா. டிரயல் ரூம்ல நின்னுக்கோங்க."

இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு அழைப்பு டீச்சருக்கு வந்ததில்லை. மானக்கேடுதான். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நீலத் திரைக்குப் பின்னால், ஒரு கண்ணாடிக்கும் ஒரு கொக்கிக்கும் நடுவே, பாதி தைத்த கோட்டு முகத்தில் உரச நின்றாள். தலைக்கு மேலே ஃபேன் கிடையாது. வியர்த்துக் கொட்டியது.

முதலில் குரல் வந்தது. பின்னால்தான் ஒன்பது வயதுச் சிறுமி வந்தாள். பக்கத்து வீட்டுப் பூனையின் குணம், தையல் மெஷினில் பாபின் சிக்கிய கதை, அப்பாவின் குறட்டை எல்லாம் மூச்சு விடாமல் கொட்டின. டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் குரல் எப்படியிருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது!

அந்த நேரம் பார்த்து, பேங்க் வாசலில் காவல் நிற்பவர் பேண்ட்டைப் போட்டுப்பார்க்க வந்து நின்றார்.

"உக்காருங்கண்ணே, உள்ள கார்பெண்டர் வேலை செய்யுறாரு" என்றாள் தையல்காரம்மா.

டீச்சர் பொறுப்பாகச் சுவரை நாலு தட்டுத் தட்டினாள்.

காத்திருக்கும் ஆள் கிடைத்தால் சிறுமி விடுவாளா? ஸ்கேலை எடுத்துக்கொண்டு முன்னால் நின்றாள்.

"இன்னிக்கு பின்னம். இந்தத் துணியை நாலா மடிக்கிறேன். இதுல மூணு பங்கு எடுத்தா என்ன வரும்?"

காவல்காரர் யோசித்தார். "சட்டைக்குப் பத்தாது."

"முக்கால்! கவனம் எங்க இருக்கு? புரியலைன்னா தாராளமாக் கேளுங்க. கேட்டா மட்டும், 'இதுகூடவா தெரியாது'ன்னு எல்லாரையும் சிரிக்க வெப்பேன்."

டீச்சருடைய குரல், டீச்சருடைய இழுப்பு, அச்சு அசல். திரைக்குள் டீச்சருக்கு முகம் சுண்டிப்போனது.

"எனக்குக் கணக்கு வேணாம், பேண்ட்டுதான் வேணும்" என்று எழுந்த காவல்காரர், திரையைச் சரக்கென்று இழுத்தார்.

"ஐயோ, கார்பெண்டர் பொம்பளையா!"

சிறுமியின் வாய் பட்டென்று மூடிக்கொண்டது. கடையில் மெஷின்கூட நின்றுவிட்டது. டீச்சர் தோளில் கிடந்த நூல்களைத் தட்டிவிட்டு, அசடு வழியக் காவல்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கையைத் தூக்கினாள்.

"எனக்கு ஒரு சந்தேகம். துணியை மூணா மடிச்சா எப்படி?"

சிறுமி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையாட்டினாள். சிறுமி துணியைக் கையில் எடுத்து, சின்னக் குரலில், "கிட்ட வாங்க, காட்டுறேன்" என்றாள். காவல்காரரும் எட்டிப் பார்த்தார். பேண்ட் கதை அவருக்கு மறந்தே போயிருந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் சிறுமி எழுந்து நின்றாள். நாற்பது பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

"டீச்சர், நீங்க ரொம்ப வேகமாப் போறீங்க."

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "சரிம்மா. எதுலேருந்து திரும்பச் சொல்லணும்?"

"முதல்லேருந்து" என்றது வகுப்பே.