மூன்றாம் கூண்டின் மீசைகள்

மூன்றாம் கூண்டில் ஐந்து ஆண் சுண்டெலிகள். நான்கின் முதுகு மொட்டை. ஐந்தாவது மட்டும் கறுகறுவென்று பளபளத்தது.

ஐந்துக்கும் ஒரே நாளில் முதுகை மழித்து, தினமும் ஒரே அளவில் ஆண் ஹார்மோனைத் தடவி வந்தவன் கிதே. ஹார்மோன் முடி முளைப்பதைத் தடுக்கும் என்பதுதான் அவன் கட்டுரை. நான்கு எலிகள் அதைப் பொட்டில் அடித்தாற்போல் சொல்லின. ஐந்தாவதை விதிவிலக்கு என்று குறித்து ஒதுக்கிவிட்டான்.

மாலை ஆறு மணிக்குள் கட்டுரை வழுக்கைத் தலைப் பேராசிரியர் தாக்கிடம் போயாக வேண்டும். அது வெளிவந்தால்தான் இந்த ஆய்வகத்தில் அவனுக்கு இன்னும் ஓராண்டு வேலை.

பக்கத்து அடுக்கின் எலிகளுக்குத் தீனி போட வந்த நாரே எட்டிப் பார்த்தாள். அவனுக்கு ஒரு வருடம் இளையவள்.

"சீனியர், இந்த நாலையும் பாத்தா தாக் சாரோட அண்ணன் தம்பிங்க மாதிரியே இருக்கு."

கிதே சிரிக்கவில்லை. அவன் மனைவி ஹேவொன் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சிக்னலில் ஒரு லாரி. அதன் பிறகு பத்து நாள் அவன் ஆய்வகத்துக்கு வரவில்லை.

நாரே ஒரு மொட்டை எலியைக் கழுத்துத் தோலோடு பிடித்துத் தூக்கினாள். முகத்தருகே கொண்டு போனாள்.

"மருந்தை முதுகுல மட்டும்தானே தடவினீங்க?"

"ம்."

"அப்ப இதோட மீசை எங்க போச்சு?"

கிதே குனிந்து பார்த்தான். கத்தரித்தாற்போல் கட்டை கட்டையாக நின்றது மீசை. மற்ற மூன்றுக்கும் அப்படியே. ஐந்தாவதுக்கு மட்டும் நீண்ட மீசை.

"இவன்தான் பார்பர்," என்றாள் நாரே. "நாலு பேரையும் உக்கார வெச்சு சிரைச்சு விட்ருக்கான், ரௌடிப் பய. நீங்க என்னடான்னா அவனைப் போய் விதிவிலக்குன்னு எழுதியிருக்கீங்க."

ஒரே கூண்டில் அடைபட்ட எலிகளில் ஒன்று தலையெடுத்து, மற்றவற்றின் மீசையையும் ரோமத்தையும் கடித்துத் தள்ளும். ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரமே எல்லோரும் தெரிந்துகொள்வது. அவனுக்கும் தெரியும். கண்ணில் படவில்லை.

"முளைச்சதைக் கடிச்சானா? இல்ல, முளைக்கவே இல்லையா?"

"என்னைக் கேட்டா? முளைக்கிறதுக்கு முன்னாடி தோல் கறுத்துடும்ல. போட்டோவைப் பாருங்க. நீங்க இல்லாத பத்து நாளும் எடுத்து வெச்சிருக்கேன். உங்க வீட்டு சாவுல வந்தவங்களுக்கெல்லாம் வழக்கமா குடுக்கற அந்தக் காரமான மாட்டுக்கறி சூப்பைக் குடிச்சிட்டு நேரா இங்கதான் வந்தேன், வாயெல்லாம் எரிய..." அவள் நிறுத்திக்கொண்டாள். "சாரி, சீனியர்."

"பரவால்ல."

"அதைத் திறந்து பாக்கவே இல்லியா நீங்க?"

முதல் நாள் படமும் கடைசி நாள் படமும் போதும் என்று கட்டுரையை முடித்திருந்தான். இப்போதும் அப்படியே அனுப்பலாம். முதுகைக் காட்டும் படத்தில் மீசை தெரியாது.

மேசைக்குப் போய்க் கணினியைத் திறந்தான். நாரேயின் படங்கள் தேதிவாரியாக இருந்தன. முதலாவது மே 11. அன்று மருத்துவமனை வராந்தாவில் நின்று அவன் போனில் முதலில் கூப்பிட்டது ஹேவொன்னின் அம்மாவை அல்ல, நாரேயை. "எலிங்களுக்கு மருந்து தடவிடு" என்று சொன்னான். அதற்குப் பிறகுதான் மாமியாரைக் கூப்பிட்டான். இது யாருக்கும் தெரியாது.

மே 11. ஐந்து முதுகுகளும் இளஞ்சிவப்பு.

மே 12. அதே நிறம்.

மே 13, ஹேவொன்னைத் தகனத்துக்கு எடுத்துப் போன நாள். ஐந்து முதுகிலும் தோலுக்கு அடியில் மெல்லிய சாம்பல் படர்ந்திருந்தது. மே 15-இல் ஐந்தும் கரி போலக் கறுத்திருந்தன. பத்தொன்பதில் எல்லாவற்றுக்கும் குச்சி முடி. இருபதில் ஒன்றின் முதுகில் திட்டுத் திட்டாகக் கடித்த இடம்.

ஒப்பிடுவதற்காக அதே நாளில் மழித்து வேறு கூண்டில் விட்டிருந்த, ஹார்மோன் தடவாத எலிகளின் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அவை மே 11-லேயே சாம்பல் பூத்துவிட்டன. வித்தியாசம் இரண்டு நாள். ஹார்மோனால் முடிந்தது அவ்வளவுதான்.

பேராசிரியரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னான்.

"ரெண்டு நாளா? ரெண்டு நாளை எவன்யா அச்சுல போடுவான்?"

"தெரியல சார். ஆனா அதுதான் உண்மை."

"உன் வேலை?"

"தெரியல சார்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "சரி, ஆறு மணிக்குள்ள அனுப்பு. படிச்சுட்டுத் திட்டறேன்."

நாரே கதவோரம் நின்றிருந்தாள். "பார்பரைத் தனிக் கூண்டுல போட்டுட்டேன். அந்த நாலும் இன்னும் மூலையிலயே ஒண்டிக் கிடக்குதுங்க."

"இருக்கட்டும். பழகிடும்."

கடைசி நாள் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சாம்பல் படர்ந்த முதுகுகளை வைத்தான். படத்தின் கீழே, எடுத்த தேதி வேண்டும். விரல் சற்று நின்றது. பிறகு மே 13 என்று தட்டினான்.