கிருபாவதியின் ஜெபக் குறிப்பு

போதகர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிவிப்பு நோட்டைத் திறந்தபோதுகூடக் கிருபாவதிக்கு ஒரு நப்பாசை மிச்சமிருந்தது. தேதி தள்ளிப் போயிருக்கலாம். மாப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்திருக்கலாம். கர்த்தரால் ஆகாதது உண்டா? ஆனால் போதகர் கணீரென்று வாசித்துவிட்டார். வேலூர் சபையைச் சேர்ந்த தியாகசீலனுக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த பாஞ்சாலையின் மகள் கஸ்தூரிக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இது முதலாம் அறிவிப்பு, ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்றார்.

மூன்று ஞாயிறு இப்படி வாசிக்க வேண்டும். மூன்று முறையும் யாரும் வாய் திறக்காவிட்டால்தான் கல்யாணம். கிருபாவதி தன் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். வயிறு எரிந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாததால் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாப்பிட்டிருந்தாள், நாலு இட்லி.

எரியாமல் என்ன செய்யும்? அந்தத் தியாகசீலன் முதலில் பார்க்க வந்தது அவள் மகள் எப்சிபாவைத்தான். மின்வாரியத்தில் ஜூனியர் இன்ஜினியர். அம்மா நவமணியோடு வந்து, செங்கம் ரோட்டில் இருக்கும் கிருபாவதியின் வீட்டில் கேசரி சாப்பிட்டு, காபி குடித்து, சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். மறுநாள் ஞாயிறு. வந்தது வந்தோம், ஆராதனைக்கும் இருந்துவிட்டுப் போவோம் என்று கோயிலுக்கு வந்தவர்கள், பாடகர் குழுவில் எப்சிபாவுக்குப் பக்கத்தில் நின்று பாடிய கஸ்தூரியைப் பார்த்துவிட்டார்கள். கேசரிக்குப் போட்ட நெய்தான் மிச்சம், இல்லை, அதுவும் மிச்சமில்லை.

வேறு யாராவது வீட்டுப் பெண்ணாக இருந்தால்கூடக் கிருபாவதி ஆறியிருப்பாள். பாஞ்சாலையின் பெண்ணாகப் போயிற்றே என்பதுதான் அவளைத் தின்றது. பாஞ்சாலை பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து, புருஷனை இழந்து, ஒன்பது வயதுப் பெண்ணோடு ஒரு துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவள். சபையின் பெண்கள் விடுதியில் அவளுக்குச் சமையல் வேலை வாங்கிக்கொடுத்தது கிருபாவதி. எழுத்துக் கூட்டி வேதம் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தது கிருபாவதி. பாட்டுப் புத்தகத்தில் எண்ணைப் பார்த்துப் பக்கத்தைத் திருப்புவதுகூட அவள் கற்றுக்கொடுத்ததுதான். ஞானஸ்நானத்தன்று பாஞ்சாலை கட்டியிருந்த வெள்ளைப் புடவை கிருபாவதியின் பெட்டியிலிருந்து வந்தது. அவள் அழுதபோதெல்லாம் கூட உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அழுத பாஞ்சாலையை அவளுக்கு மிகவும் பிடிக்கும். சிரிக்கிற பாஞ்சாலையை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவர் தேவநேசன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நம்ம கஸ்தூரிக்கு நல்ல எடமா அமைஞ்சிருச்சு, இல்ல?" என்றார். தாலுகா ஆபீஸில் இருபது வருஷம் கிளார்க்காக இருந்தவருக்கு மனைவியின் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

"நம்ம கஸ்தூரியா? நம்ம பொண்ணு எப்சிபாங்க. மறந்துடப் போறீங்க" என்றாள் கிருபாவதி.

எப்சிபாவுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்ததா இல்லையா என்று அம்மா கேட்கவேயில்லை.

புதன்கிழமை சாயங்காலம் போதகர் வீட்டு முன்னறையில் பெண்கள் ஜெபக்கூட்டம். ஒவ்வொருத்தியும் தன் ஜெபக் குறிப்பைச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குப் பரீட்சை, புருஷனுக்கு மாற்றல், மாமியாருக்குக் கால் வீக்கம். பிறகு ஒருத்தி எல்லாவற்றுக்காகவும் சத்தமாக ஜெபிப்பாள். ஜெபத்தில் வந்ததைப் பற்றி யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. அது கடவுளிடம் சொன்னது. அதை வம்பு என்று சொல்ல யாருக்கும் நாக்கு வராது. அன்றைக்குப் பாஞ்சாலை வரவில்லை. பத்திரிகை வைக்க ஊருக்குப் போயிருந்தாள். ஜெபிக்கும் முறை கிருபாவதிக்கு வந்தது.

அவள் முழங்காலிட்டுக் கண்ணை மூடினாள். கால் வீக்கம், மாற்றல், பரீட்சை எல்லாம் முடிந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தகப்பனே, எங்கள் சகோதரி பாஞ்சாலையின் மகளுக்காக உம்மிடத்தில் வருகிறோம். அந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயதிலேயே தாய்மாமன் இருசப்பனுக்கென்று பரிசம் போட்ட கட்டு ஒன்று இருக்கிறதே சுவாமி, அதை நீர் அறிவீர். அந்தக் கட்டினாலே இந்தத் திருமணத்துக்கு ஒரு தடையும் வராதபடி காத்தருளும்."

அவர் அறிவார். அறியாதவர்கள் அந்த அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஆமேன் வழக்கத்தைவிடச் சத்தமாக வந்தது.

கிருபாவதி சொன்னதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. ஞானஸ்நானத்துக்கு முன்னால் பாஞ்சாலையே அவள் சமையலறையில் உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதுதான். ஊரார் முன்னிலையில் வெற்றிலை பாக்கு, பூ, புடவை வைத்த தட்டை வாங்கி, கஸ்தூரியைப் பாஞ்சாலையின் தம்பி இருசப்பனுக்கு என்று பேசி முடித்திருந்தார்கள். ஆனால் அந்தக் கதைக்கு இன்னொரு பாதியும் உண்டு. சபையில் சேருவதென்று முடிவான பிறகு பாஞ்சாலை தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். தம்பியும் அதே ஊரார் முன்னால் வாங்கிக்கொண்டு, அடுத்த தை மாதமே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள். இந்தப் பாதியும் கிருபாவதிக்குத் தெரியும். ஜெபம் நீண்டுவிடும் என்று அதை விட்டுவிட்டாள்.

மூன்றே நாளில் செய்தி வேலூர் போய்ச் சேர்ந்தது. அவ்வளவு வேகமாக பஸ்கூடப் போகாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் அறிவிப்பு வாசிக்கும்போது போதகரின் குரலில் பழைய கணீர் இல்லை. பிரசங்கத்தில் அவர், அழுகிறவனோடு அழுவதற்கு நம்மில் பலருக்குத் தெரியும், அடுத்தவன் வாழ்வில் சந்தோஷம் வரும்போது அவனோடு நின்று சந்தோஷப்படத்தான் அப்போஸ்தலன் சொல்லியும் நமக்கு வரவில்லை என்றார். கிருபாவதி பலமாகத் தலையாட்டினாள். இந்தச் சபைக்குத் தேவையான பிரசங்கம், அதிலும் மூன்றாவது பெஞ்சில் இருப்பவர்களுக்கு, என்று நினைத்தாள். அவள் உட்கார்ந்திருந்தது இரண்டாவது பெஞ்சில்.

ஆராதனை முடிந்து போதகர் பாஞ்சாலையைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார். ஊரிலிருந்து ஒரு பெரியமனுஷர் வந்து சாட்சி சொல்லும்வரை மூன்றாம் அறிவிப்பை நிறுத்திவைப்பதாகச் சொல்லிவிட்டார். பாஞ்சாலை வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்ற கிருபாவதியை ஒரு நொடி பார்த்தாள். எப்போதும் போல ஸ்தோத்திரம் சொல்லவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

வியாழக்கிழமை நவமணி அம்மாள் வந்தார். கார்த்திகை தீபத்துக்கு மலைக்கோயிலில் கொடியேற்றிய வாரம், பஸ்ஸெல்லாம் கூட்டம். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்போடு படியேறினார். போதகர் வீட்டுக்குப் போகவில்லை, பாஞ்சாலையிடம் போகவில்லை, நேராகக் கிருபாவதியிடம்தான்.

"உங்கள மாதிரி ஜெபிக்கிறவங்க வாயில பொய் வராதுங்க. அதான் இங்க வந்தேன். அந்தப் பொண்ணுக்குப் பரிசம் போட்டது நெஜமா?"

"நெஜந்தாங்க" என்றாள் கிருபாவதி. உண்மையைத்தானே சொன்னாள்.

நவமணி பெருமூச்சு விட்டார். "கர்த்தர் காப்பாத்துனாரு. எம் பையன் அந்தப் பொண்ணுதான்னு ஒத்தக்கால்ல நின்னான். இனிமே நான் சொல்றத கேப்பான். மொதல்ல பாத்த எடத்தையே முடிச்சிருக்கணும், என் புத்தியத்தான் சொல்லணும். உங்களுக்கு இன்னும் இஷ்டம் இருந்தா, எப்சிபாவ..."

கிருபாவதிக்குக் காது அடைத்தது. ஒரு சொல். ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், அடுத்த மாதம் அதே மேடையில் போதகர் எப்சிபா என்று வாசிப்பார். காபி போடுகிறேன் என்று சமையலறைக்கு ஓடினாள். அங்கே எப்சிபா சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தத் தட்டத் திருப்பிக் குடுத்துட்டாங்கன்னு நீதான அப்பாகிட்ட சொன்ன? நான் அப்ப படிச்சிக்கினு இருந்தேன், எனக்கு ஞாபகம் இருக்கு."

"சின்னப் பொண்ணு, உனக்கு என்னாடி தெரியும்? வாய மூடிக்கினு இரு."

"கஸ்தூரி எங்கூடப் பேசி நாலு நாளாவுதுமா."

கிருபாவதி காபியை எடுத்துக்கொண்டு போனாள். நவமணி குடித்து முடித்து, டம்ளரை வைத்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "நல்ல காரியம். நீங்களே ஒரு ஜெபம் பண்ணுங்க. தப்பான எடத்துல மாட்டாம நம்மள காத்தாரே, அதுக்கு நன்றி சொல்லிடுங்க. பாப்பா, நீயும் வாம்மா."

எப்சிபா வந்து அம்மாவின் தோளை ஒட்டி முழங்காலிட்டாள்.

முப்பது வருஷமாகச் சத்தமாக ஜெபித்துப் பழகிய வாய். "தகப்பனே" என்று ஆரம்பித்தது. அதற்குமேல் நகரவில்லை. "தகப்பனே, உமக்கு நன்றி" என்றாள். மறுபடியும் நின்றது. கடவுளை ஏய்த்துவிடலாம் என்றுதான் போன வாரப் புதன்கிழமை துணிந்தாள். அவர் பொறுமைசாலி, உடனே ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் எல்லாம் தெரிந்த மகள் பக்கத்தில் மண்டியிட்டு, இதற்கு ஆமேன் சொல்லக் காத்திருக்கிறாள். அந்த ஆமேனை அவளிடமிருந்து வாங்கக் கிருபாவதிக்குத் தைரியம் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தகப்பனே, அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தாய்மாமன் வாங்கிக்கொண்டான். அவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும் சுவாமி. தெரிந்தேதான் அன்றைக்குச் சொல்லாமல் விட்டேன். என் பிள்ளைக்கு வராதது அவள் பிள்ளைக்கு வந்ததே என்று வயிறு எரிந்து அதை மறைத்தேன்."

யாரும் ஆமேன் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தபோது நவமணி எழுந்து நின்று புடவையை உதறிக்கொண்டிருந்தார்.

"ஜெபத்துல இப்பிடிக்கூட செய்வாங்களா?" என்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, போதகர் வீட்டுக்கு எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று கேட்டார். எப்சிபாதான் வாசல்வரை போய் வழி காட்டினாள். நல்ல மாப்பிள்ளை தீபக் கூட்டத்துக்குள் நடந்து போவதைப் பார்ப்பது போலக் கிருபாவதி அந்த அம்மாளின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொன்னதற்கு அப்போதே பாதி வருத்தமாகவும் இருந்தது. அதையும் மறைப்பதற்கில்லை.

அன்று சாயங்காலமே விடுதிக்குப் போனாள். பெரிய அலுமினிய அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. பாஞ்சாலை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கரண்டியைப் போட்டுக் கிளறினாள்.

"பாஞ்சாலை, நான்தான்..."

"தெரியும்க்கா. உங்ககிட்ட மட்டுந்தான சொல்லியிருந்தேன்."

"நவமணி அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"அதுவும் தெரியும். பாஸ்டர் ஐயா ஆள் அனுப்புனாரு. ஞாயித்துக்கெழம மூணாவது அறிவிப்பு வாசிக்கறாராம்."

கிருபாவதிக்கு அழுகை வந்தது. அது எப்போதும் சுலபமாக வருவதுதான். "என்ன மன்னிச்சிடு பாஞ்சாலை" என்று அவள் கையைப் பிடிக்கப் போனாள். பாஞ்சாலை கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"கர்த்தர் மன்னிப்பாருக்கா, இன்னிக்கே மன்னிப்பாரு. எனக்குக் கொஞ்ச நாளாவும்." குரலில் கோபம் இல்லை. சோறு வெந்ததா என்று பார்த்துச் சொல்வது போலச் சொன்னாள். "எம் பொண்ணு நாலு நாளா சோறு திங்கல. அத நான் கண்ணால பாத்தேன்."

என்ன சொல்வதென்று தெரியாதபோது எப்போதும் சொல்வதைக் கிருபாவதி சொன்னாள். "ஒரு ஜெபம் பண்ணட்டுமா?"

"வேணாம்க்கா. நீங்க பண்ணாதீங்க. நான் பண்றேன்."

அடுப்பைத் தணித்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அந்தப் புகைக்குள்ளேயே பாஞ்சாலை தலையில் முக்காடு போட்டாள். முழங்காலிடவில்லை. அலங்காரமான வார்த்தை ஒன்றும் அவளுக்கு வராது.

"சாமி, எப்சிபா நல்ல பொண்ணு. எம் பொண்ணுக்குத் தொண கணக்கா இருந்துச்சு. அதுக்கு ஒரு நல்ல பையனக் குடு. தைக்குள்ள குடு. இந்த அக்கா சும்மா சும்மா அடுத்த வூட்டப் பாத்து ஒடம்பக் கெடுத்துக்குது. ஆமேன்."

கிருபாவதி கண்ணை மூடிக்கொண்டே நின்றாள். எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொடுத்தது அவள்தான். ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். மன்னிக்காத வாயால் மற்றவள் பிள்ளைக்காக இப்படிக் கேட்க இவளுக்கு எப்படி வந்தது, எனக்கு ஏன் ஒருநாளும் வரவில்லை என்று நினைத்தாள். மறுபடியும் வயிறு எரிந்தது. இந்த முறை அதன் பேர் என்ன என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆமேன் சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.