ஐந்து கட்சிகளுக்கு ஆமீன்

ஜான் பாஷாவுக்கு அரபி தண்ணீர் பட்ட பாடு. ரியாத்தில் பல வருஷம் வண்டி ஓட்டியபோது கற்றது. ஊர் திரும்பியதும் அதுவே சோறு போட்டது. வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும் அரபு நாட்டு நோயாளிகளுக்கு, டாக்டர் சொல்வதை எடுத்துச் சொல்லுகிற வேலை. நல்ல மனுஷன்தான், கை சுத்தம். ஆனால் பெருமை என்றொரு வியாதி உண்டே, அது மட்டும் அவரை விட்டபாடில்லை. அதற்கு அந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து கிடையாது.

இந்தத் தடவை அவரிடம் வந்து சேர்ந்தவர்கள் ஷெர்கோவும் அவன் மனைவி ரோஜினும். சிரியாவின் வடகோடியிலிருந்து வந்த குர்து இனத்தார். ரோஜினின் கழுத்தில் ஒரு கட்டி. ஊசி வைத்துச் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ரிசல்ட் வரும்வரை லாட்ஜ் அறையில் உட்கார்ந்து பயப்படுவதைத் தவிர இருவருக்கும் வேறு வேலை இல்லை.

பயத்தை மறக்க ஷெர்கோ பேசுவான். பேச்செல்லாம் அரசியல்தான். நாட்டில் உள்நாட்டுப் போர் எரிந்துகொண்டிருந்தபோது, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத ஐந்து சின்ன குர்து கட்சிகள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு கூட்டணி கட்டினவாம். அதில் ஒரு கட்சியில் அவனும் ஓர் ஆள். நாட்டைப் பிரிக்க வேண்டாம், பகுதிக்குப் பகுதி சொந்த ஆட்சி கொடுங்கள், கூட்டாட்சியாக இருப்போம் என்பதுதான் கேட்டது.

"பள்ளிக்கூடத்தில் எங்கள் மொழியில் பேசினால் அடி விழும், ஜான் பாய். சர்க்கார் பதிவேட்டில் எங்களையும் அரபி என்றே எழுதிக்கொண்டார்கள். அடியைக்கூட மறந்துவிடுவேன். இதை மட்டும் மறக்க முடியவில்லை" என்றான்.

"அட, நீங்க கேக்கறது எங்க தமிழ்நாடு மாதிரி ஒரு மாநிலம்! இதுக்கா இவ்ளோ சண்டை?" என்று ஜான் பாஷா அவன் தொடையில் தட்டினார். எவ்வளவு சுளுவாகப் புரிந்துகொண்டார், பாருங்கள்!

அதே வாரம் ஆம்பூரில் அவர் மகள் ஹஃப்ஸாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் தகப்பனார் சமீருல்லா, தோல் பதனிடும் டேனரிக்கு முதலாளி. டிரைவராக இருந்தவருக்கு அது எட்டாத சம்பந்தம். எட்டிப் பிடித்த கிறக்கத்தில் ஜான் பாஷா, "துவா செஞ்சு பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்த ஒரு அரபி ஷேக்கே வர்றாரு பாய்" என்று விட்டுவிட்டார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா?

ஷெர்கோவுக்கு இந்த ஷேக் சமாச்சாரம் எதுவும் தெரியாது. ஜான் பாஷா விருந்துக்குக் கூப்பிட, மனைவிக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பி வந்தான். மண்டபத்தில் அவனை நடுநாயகமாக உட்கார வைத்துப் பிரியாணித் தட்டை முதலில் அவன் முன் வைத்தார்கள். சாப்பாடு முடிந்ததும் சமீருல்லா கேட்டார்.

"உங்க ஊர்ல இன்னா நெலவரம்? ஷேக் சாப் ரெண்டு வார்த்தை சொல்லட்டுமே."

ஜான் பாஷா அதை அரபியில் சொல்ல, ஷெர்கோ நெஞ்சில் கை வைத்து எழுந்தான். தான் ஒரு குர்து என்று ஆரம்பித்தான். ஐந்து கட்சிகளைச் சொன்னான், கூட்டாட்சியைச் சொன்னான். செத்துப்போன கூட்டாளிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். பிள்ளைகள் தாய்மொழியில் படிக்கிற ஒரு நாளுக்காகப் பிரார்த்தியுங்கள் என்று முடித்தான்.

மண்டபமே ஜான் பாஷாவின் வாயைப் பார்த்தது. தமிழ்நாடு மாதிரி என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் சமையல்கட்டு வரைக்கும் புரிந்திருக்கும். ஆனால் சம்பந்தியின் பார்வை அவர் மேலேயே இருந்தது.

"ஷேக் இன்னா சொல்றார்னா, முஸ்லிம் ஜனங்க எல்லாம் ஒத்துமையா இருக்கணும், பொண்ணும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நல்லா இருக்கணும்னு துவா செய்றாரு!"

"ஆமீன்!" என்றது மண்டபம்.

"இம்மாம் நேரம் பேசினாரு, இவ்ளோதானா?" என்றார் சமீருல்லா.

"அரபில கொஞ்சம் ஜாஸ்தியா பேசுவாங்க பாய்."

ஷெர்கோவின் கண் கலங்கிவிட்டது. "ஜான் பாய், இவ்வளவு தூரத்தில் எங்கள் கூட்டணிக்கு ஆமீன் சொல்ல மனிதர்கள் இருக்கிறார்களா!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஜான் பாஷாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பிடுங்கிக்கொள்ளவில்லை, சிரித்து வைத்தார்.

அதற்குள் ஒரு பெண் கைக்குழந்தையை நீட்டி, "அரபி ஷேக், புள்ளைக்கு ஓதி ஊதி விடுங்க" என்றாள். அவள் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை. அரபி, அரபி என்று மண்டபம் முழுக்க அந்த ஒரே சொல். ஷெர்கோவின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிப் போனது. குழந்தையின் தலையை மெல்லத் தடவிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

மூவரும் காரில் திரும்பினார்கள். வேலூர் நெருங்கும்போது ஷெர்கோ கேட்டான்.

"குர்து என்ற சொல் எல்லா மொழியிலும் குர்துதானே, ஜான் பாய்? நான் பலதடவை சொன்னேன். உங்கள் வாயில் ஒருதடவைகூட வரவில்லை."

ஜான் பாஷாவுக்குக் காது இரண்டும் கொதித்தன. "மாஃபி முஷ்கில், ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்று உளறினார். அவனிடம் போய் அதைச் சொன்னோமே என்று வீடு போய்ச் சேரும்வரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலை ரிசல்ட் வந்தது. டாக்டர் ஜெனிஃபா பேப்பரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கேன்சர் இல்ல, ஜான் பாய். சாதாரணக் கட்டிதான். பயப்பட வேணாம்னு சொல்லுங்க."

ஜான் பாஷா ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அரபியில் சொன்னார். ரோஜின் சிரிக்கவில்லை. கழுத்தைப் பொத்திய கையை எடுக்காமல் புருஷனைப் பார்த்தாள்.

ஷெர்கோ கேட்டான். "இது டாக்டர் சொன்னதா, நீங்கள் சொல்வதா?"

"வல்லாஹி, அல்லா மேல ஆணையா டாக்டர் சொன்னதுதான்!"

"நேற்றும் ஆமீன் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். உங்கள் வாயிலிருந்து வரும் நல்ல செய்தியை எப்படி நம்புவேன்? என் மனைவிக்கு நீங்கள் இனிப்புத் தடவிச் சொல்ல வேண்டாம்."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நல்ல செய்திதானே சொன்னேன்? ஏன் ரெண்டு பேரும் இப்படிப் பாக்கறாங்க? அவர் என்ன சொல்றார்?"

சந்தோஷத்தில் அவருக்குப் பேச்சு வரவில்லை டாக்டர் என்று ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஜான் பாஷா அதை விழுங்கினார். தலையைக் குனிந்துகொண்டார்.

"அவரு ஒண்ணு சொன்னா நான் வேற சொல்றேனாம், நேத்து அவர் ஜாதி சனத்தோட பேரையே மறைச்சிட்டேனாம், இப்ப என் வாயால சொல்றதை நம்ப முடியலைங்கறாரு, டாக்டர். நெசம்தான். நான் அப்படித்தான் செஞ்சேன்."

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து ரோஜினின் கையைக் கழுத்திலிருந்து விலக்கி, தன் இரு கைக்குள் வைத்துக்கொண்டு, "நோ கேன்சர்" என்று நிதானமாகச் சொன்னார். நன்றாகச் சிரித்துத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டி மறுபடியும் சொன்னார்.

ரோஜின் டாக்டரின் தோளில் முகம் புதைத்து ஓவென்று அழுதாள். ஷெர்கோ குர்து மொழியில் என்னவோ சொல்லிக்கொண்டே அவள் முதுகைத் தடவினான். ஜான் பாஷா கதவோரமாக நகர்ந்து நின்றார். அவரும் இதே செய்தியைத்தான் சொன்னார்.